கும்மிடிப்பூண்டியில் இட்ட முட்டைகள்

ஆமை ஒன்று ஒழுங்காக முட்டையிடுகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லி என்னைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பினார்கள். உயிருள்ள ஆமை இல்லை. டைனோசர்கள் நடமாடிய காலத்தில் கடலில் நீந்திய, ஒரு வேன் அளவுக்கு இருந்த ஆமை. அதன் முழு உருவத்தை ஃபைபரில் செய்து தரக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டிருந்தது. நான் மலேசியாவின் கிழக்குக் கரையில் ஒரு சின்னக் கடல் அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறேன். கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் குறிப்புகளை எழுதுவது என் வேலை. அவற்றை யாரும் இரண்டாவது வரிக்கு மேல் படிப்பதில்லை. எங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் பயணம் என் தலையில் விழுந்தது.

புறப்படும்போதே ஒரு தப்பு செய்துவிட்டேன். கம்பெனி முகவரியில் 'திருவள்ளூர் மாவட்டம்' என்று இருந்ததைப் பார்த்து, திருவள்ளூரிலேயே தங்க ஏற்பாடு செய்திருந்தேன். எங்கள் ஊரில் மாவட்டம் என்றால் ஒரு சந்தையும் ஒரு பள்ளிவாசலும் நாலு தெருவும். இங்கே திருவள்ளூர் ஒரு ரயில் பாதையிலும் கும்மிடிப்பூண்டி வேறொரு ரயில் பாதையிலும் இருக்கின்றன. இரண்டும் சென்னையில் மட்டும்தான் சந்தித்துக்கொள்கின்றன.

அந்தத் திருவள்ளூருக்கும் நான் நேராகப் போய்ச் சேரவில்லை. மின்சார ரயிலில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது வெளியே கடம்பத்தூர் என்று பலகை. பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கி, நடைமேடையில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் திருவள்ளூர் எங்கே என்று கேட்டேன்.

"அது அப்பவே போயிடுச்சேம்மா. எதிர்ல வர்ற வண்டில ஏறு. எந்த ஊரு நீ?"

"மலேசியா."

"அவ்ளோ தூரம் கரெக்டா வந்துட்டு, கடைசில தூங்கிட்டியா? இந்தா, காய் துன்னு. வண்டி வர்றதுக்கு நேரமாவும்."

கொய்யாவில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தந்தார். எங்கள் ஊரில் இதற்குப் புளிப்பான பிளம் பொடி தூவுவார்கள். மிளகாய்த்தூளே மேல் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நாக்கு எரிய எரியத் திருவள்ளூர் வந்து சேர்ந்தேன்.

கம்பெனியில் தரப் பரிசோதனைக்குப் பொறுப்பாளர் வீரராகவன். நல்லவேளையாக அவர் வீடு திருவள்ளூரில்தான். பெருமாள் கோயிலில் அவர் அப்பாவும் அண்ணனும் கைங்கரியம் செய்கிறார்கள். இவர் மட்டும் ஃபைபர் தொட்டிகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலைக்கு வந்துவிட்டார். மறுநாள் காலை என்னை அழைத்துப் போக பஸ் நிலையத்தில் நின்றார். நெற்றியில் திருமண், சட்டைப் பையில் வெர்னியர் அளவுகோலும், ரிஜெக்ட் குறி போட ஒரு சிவப்புச் சாக்பீஸும்.

"இன்னிக்கு அமாவாசை. வேண்டிண்டு கோயில் குளத்துல வெல்லம் கரைக்க ஊர் பூரா வந்திருக்கு. நிக்க இடம் கிடைச்சாலே புண்ணியம்" என்றார். கிடைத்தது. பெரியபாளையம் வரை ஒரு காலில் நான் நின்றேன், இன்னொரு காலில் வேறு யாரோ நின்றார்கள். வழியில் ஒரு டயர் போயிற்று. எல்லோரும் இறங்கி, நடத்துநரைத் திட்டிவிட்டு, புளியமரத்து நிழலில் நின்றோம். டயர் மாட்டியதும் அவரவர் முன்பு நின்ற அதே இடத்தில் ஒழுங்காகப் போய் நின்றுகொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கம்பெனி வாசலில் வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "நாஷ்டா ஆச்சா மேடம்?" எங்கள் ஊரில் "பசியாறிட்டீங்களா?" என்போம். ஆகவில்லை என்றதும் எதிர்க் கடைக்கு அனுப்பினார். இட்லியும் வடகறியும். பக்கத்து மேசையில் நாலு பேர் ஒடியா பேசினார்கள், கடைக்காரர் தெலுங்கில் கணக்குச் சொன்னார், பரிமாறியவர் எல்லோருக்கும் தமிழில் பதில் சொன்னார். யாருக்கும் எதுவும் புரியாமல் போகவில்லை. வடகறியை இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.

கம்பெனியின் அன்றாட வேலை தண்ணீர்த் தொட்டிகளும், அத்திப்பட்டுப் பக்கம் மின் நிலையங்களுக்குக் குளிர்விப்பான் தகடுகளும். கொட்டகைக்குள் நுழைந்தால் பிசின் நெடி மூக்கைப் பிடுங்கியது. வரிசையாகக் கவிழ்ந்து கிடந்த தொட்டிகளைத் தாண்டி, கடைசியில் ஆமை இருந்தது.

படத்தில் வரைந்து கொடுத்தது வேறு, எதிரில் வந்து கிடப்பது வேறு. வயிறு மணலில் பதிந்து, தலை முன்னால் தாழ்ந்து, பின்துடுப்புகள் இரண்டும் குழியின் ஓரத்தில் வளைந்திருந்தன. கண்ணில் நீர் வழிவதுகூட இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது, சொல்ல என்ன வெட்கம். பிறகு குழிக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று முட்டைகள். ஒவ்வொன்றும் மேசைப் பந்தாட்டப் பந்து மாதிரி, ஒரு குறையும் இல்லாத உருண்டை.

"பார்த்தேளா? ஒரு டென்ட், ஒரு ஒடுக்கு கிடையாது" என்றார் வீரராகவன்.

அதுதான் தப்பு. கடலாமையின் முட்டை இட்ட உடனே உருண்டையாக இருக்காது. ஓடு தோல் மாதிரி மெத்தென்று இருக்கும். ஒரு பக்கம் கட்டைவிரலால் அழுத்தினாற்போல் ஒடுங்கியிருக்கும். அந்த ஒடுக்குதான் எங்கள் அருங்காட்சியகம் சொல்ல வந்த கதையே. இந்தப் பழைய ஆமையின் முட்டையை யாரும் கண்டதில்லை. நிலத்து ஆமைகள் சிலவற்றின் கெட்டி ஓட்டு முட்டைகள் கல்லாகிக் கிடைத்திருக்கின்றன. கெட்டியாக இருப்பதுதான் கல்லாகும். மெத்தென்ற ஓடு மண்ணோடு மண்ணாகிவிடும். இன்றைக்கு உலகத்தில் இருக்கும் கடலாமைகள் எல்லாமே மெத்தென்ற முட்டைதான் இடுகின்றன என்பதால், அவற்றின் பழைய உறவுக்காரியும் அப்படித்தான் இட்டிருக்கும் என்பது எங்கள் கணிப்பு. மெத்தென்று இருந்தால் ஆழமான குழிக்குள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தாலும் உடையாது. மணலில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளும். இதையெல்லாம் என் குறிப்பு ஒன்று சொல்லும், யாரும் படிக்க மாட்டார்கள். முட்டையில் ஒடுக்கு இருந்தால் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.

"ஒடுக்கு வேண்டும் என்று வரைபடத்தில் போட்டிருந்தோமே" என்றேன்.

வீரராகவன் அச்சைக் கொண்டுவரச் சொன்னார். அச்சில் ஒடுக்கு இருந்தது. அச்சிலிருந்து வந்த முட்டைகளிலும் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவை ஃபினிஷிங் செக்‌ஷனுக்குப் போயிருக்கின்றன. அங்கே இருந்தவர் ஸ்டெல்லா.

ஸ்டெல்லாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தலையில் துண்டு, கையில் உப்புத்தாள், புருவம் வரை வெள்ளைத் தூள். தொட்டியோ தகடோ எது வந்தாலும், அதில் எங்கெங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கெல்லாம் பட்டி வைத்து, தேய்த்து, வழவழப்பாக்கி அனுப்புவது அவர் வேலை. இந்தக் கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து அதைத்தான் செய்கிறார். முட்டைகள் வந்தன. அத்தனையிலும் பள்ளம். அத்தனையையும் மூடிவிட்டார். ஒன்று விடாமல், உட்கார்ந்து.

"மோல்டு பண்றவரு ஒடிசாக்காரரு, புதுசு" என்றார் என்னிடம். "எல்லாத்துலயும் டொக்கு உட்டுட்டாரேன்னு நெனச்சேன். சொன்னா அவரு பேஜாருல மாட்டிப்பாரு. சரி, நாமளே சைலண்ட்டா சரி பண்ணிக் குடுத்துடலாம்னு பண்ணிட்டேன் மேடம். இப்ப இன்னா, டொக்கு வேணுமா?"

"வேணும்."

அவர் என் முகத்தையே பார்த்தார். கிண்டல் செய்கிறேனோ என்று சந்தேகம்.

தேநீர் வேளையில்தான் விஷயம் முழுதாகப் புரிந்தது. ஸ்டெல்லா ஒப்பந்தத் தொழிலாளி. மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு செக்‌ஷனிலும் ஒரு ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. ஏற்றுமதிச் சாமானில் ஒரு ரிஜெக்ட் விழுந்தாலும் அது யார் கை வேலையோ அவர்தான் முதலில் வெளியே. நான் இந்த முட்டைகளை வேண்டாம் என்றால், அத்தனையும் ஸ்டெல்லா பேரில் ரிஜெக்ட்.

"இங்க போச்சுன்னா அடுத்த கேட்ல போய் நிக்கணும்" என்றார் ஸ்டெல்லா, டீ கிளாசை ஊதிக்கொண்டே. "எங்கம்மா நடவுக்குப் போனாங்க. இப்போ நடவும் இல்ல, நெலமும் இல்ல. எல்லாம் கம்பெனி. கம்பெனில இந்த வயசுக்குப் புதுசா யாரும் எடுக்க மாட்டாங்க மேடம்."

குரலில் புகார் எதுவும் இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோல்தான் சொன்னார். நான் என் டீ கிளாசைக் கீழே வைத்தேன். தப்பு இருந்தால் வேண்டாம் என்று சொல்லத்தான் நான் கடல் கடந்து வந்திருந்தேன்.

வழி சொன்னவர் வீரராகவன். எந்தப் பொருளுக்கும் முதலில் ஒரு மாதிரி செய்து, வாங்குகிறவர் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அப்ரூவ்டு சாம்பிள் என்று பெயர். பிறகு வருவதையெல்லாம் அந்த மாதிரியோடு ஒப்பிட்டுத்தான் நல்லது கெட்டது சொல்வார்கள். ஆமைக்கு மாதிரி பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தோம். முட்டைக்கு யாரும் போடவில்லை.

"சாம்பிள் சைன் ஆகாத வரைக்கும் இது புரொடக்‌ஷனே இல்லை, ட்ரையல். ட்ரையலுக்கு ரிஜெக்‌ஷன் கிடையாது. நீங்க ஒரு டென்ட் முட்டையில சைன் பண்ணுங்கோ. புதுசா அடிச்சுக்கலாம். ஆனா அதுக்கப்புறம் வர்றது எல்லாம் சாம்பிள் மாதிரியே இருக்கணும். ஒண்ணு தப்பினாலும் என் சாக்பீஸ் சும்மா இருக்காது."

அச்சில் புதிதாக அடித்து எடுத்த ஒரு முட்டையில், ஒடுக்கின் பக்கத்திலேயே, கையெழுத்துப் போட்டேன். ஆமை முட்டையில் கையெழுத்துப் போட்டதாக வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஸ்டெல்லாவுக்கு நிம்மதி வந்ததுபோல் தெரியவில்லை. இனி அவர் வேலை, இரண்டு பாதிகளை ஒட்டிய கோட்டை மட்டும் தேய்த்துவிட்டு ஒடுக்கைத் தொடாமல் விட்டுவிடுவது. "டொக்கைப் பாத்துக்கினே எப்படி உடறது மேடம்? கை சும்மா இருக்காதே" என்றார்.

"நிஜ முட்டையைக் காட்டிடுங்கோ. நான் சொன்னா நம்ப மாட்டா" என்றார் வீரராகவன். பழவேற்காட்டுப் பக்கம் கடற்கரையில் ஆமைகள் ஏறி முட்டையிடும் பருவம் அது. நாய் தோண்டாமல் முட்டைகளை எடுத்து வேலிக்குள் புதைத்துக் காக்கும் குழு ஒன்று அங்கே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரத்தில் ஸ்டெல்லாவின் கணவர் மோசஸின் ஆட்டோவில் போனோம். முந்தின நாளே நான் பொன்னேரிக்கு ஜாகை மாறியிருந்தேன். "பத்து மணி ஆராதனைக்குத் திரும்பிடணும். போன வாரமே பாஸ்டர் கேட்டாரு" என்று மோசஸ் முதலிலேயே சொல்லிவிட்டார். ஏரிக்கு நடுவில் போகும் சாலையில் ஆட்டோ நின்றுவிட்டது. பெட்ரோல் இல்லை. ஸ்டெல்லா இறங்கித் தள்ளினார், நானும் தள்ளினேன். இரண்டு பக்கமும் தண்ணீர், தூரத்தில் நாரைகள். மோசஸ் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு வழி சொன்னார். வண்டியில் வந்த ஒரு மீன்காரர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றிக் கொடுத்தார். டப்பு வேண்டாம் நைனா என்று மோசஸிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கடற்கரையில் அந்தக் குழுவைச் சேர்ந்த பிரபாகர் என்பவர் காத்திருந்தார். அனல் மின் நிலையத்தில் ஷிப்டு வேலை, ஷிப்டு இல்லாத நேரத்தில் ஆமை வேலை. வரும் வழியில் ஓர் ஆமை செத்து ஒதுங்கிக் கிடந்தது. இழுவலையில் மாட்டி மூச்சு முட்டியது என்றார். அதைத் தாண்டி நடந்தோம். விடிவதற்குச் சற்று முன் வேறோர் ஆமை ஏறியிருந்தது. அது போன தடம் மணலில் டிராக்டர் தடம் மாதிரி கடல் வரை போயிற்று. குழியில் முட்டைகள்.

பிரபாகர் உறை மாட்டிய கையால் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதன் ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது. அடுத்ததும், அதற்கடுத்ததும் அப்படியே.

"தொட்டுப் பார்க்கலாமா சார்?" என்றார் ஸ்டெல்லா.

"ஒரே தடவை. மெதுவா. திருப்பக் கூடாது."

ஸ்டெல்லா விரல் நுனியை ஒடுக்கில் வைத்தார். சட்டென்று எடுத்துவிட்டார். "தோலு மாதிரி இருக்குது" என்றார்.

"நாளைக்கு வந்தீங்கன்னா டொக்கு இருக்காது. மண்ணுல இருக்குற தண்ணிய இழுத்துக்கினு தானா உப்பி உருண்டை ஆயிடும்" என்றார் பிரபாகர்.

"தானாவா? பட்டி வேணாமா?"

பிரபாகருக்குப் புரியவில்லை. நான் சிரித்துவிட்டேன்.

என் பள்ளி நாட்களில் கோலா திரங்கானு சந்தையில் இந்த முட்டைகளைக் கூடையில் குவித்து விற்பார்கள் என்று அவர்களிடம் சொன்னேன். எவ்வளவு வேகவைத்தாலும் வெள்ளை இறுகாது. ஓட்டில் ஓட்டை போட்டு உறிஞ்சுவோம். இப்போது எங்கள் ஊரில் சட்டப்படி கூடாது. பிரபாகர் முகம் சுளித்தார். மோசஸ் மட்டும் எப்படி இருக்கும் என்று விசாரித்தார். மண் வாசனையாக இருக்கும் என்றேன்.

திரும்பும்போது ஸ்டெல்லா விடாமல் கேள்வி கேட்டார்.

"அம்மாம் பெரிய ஒடம்ப இழுத்துக்கினு கரைக்கு ஏன் வரணும்? தண்ணிலயே போட்டுட வேண்டியதானே?"

"தண்ணியில போட்டா முட்டைக்கு மூச்சு முட்டிடும். உள்ள இருக்கிற குஞ்சுக்குக் காத்து வேணும்."

"அப்ப வயித்துலயே வெச்சிருந்து குட்டியா பெத்துக்க வேண்டியதானே?"

இது எங்கள் துறையில் பெரிய பெரிய ஆட்கள் கேட்கும் கேள்வி. அந்தக் காலத்துக் கடலில் வேறு ஊர்வன வகைகள் இருந்தன. அவை அப்படித்தான் மாறின, கடலிலேயே குட்டி போட்டன, கரையை மறந்தன. ஆமை மட்டும் மாறவே இல்லை. முட்டை தாயின் வயிற்றுக்குள் இருக்கும்வரை குஞ்சு வளராமல் நின்றுவிடுகிறது, வெளியே காற்றுப் பட்டால்தான் மறுபடி வளரத் தொடங்குகிறது. அதனால் வயிற்றிலேயே வைத்திருந்து பயனில்லை என்று ஒரு விளக்கம் உண்டு. அதைச் சொன்னேன். அது முதலிலேயே ஏன் அப்படி ஆயிற்று என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"கரைய மறந்ததுங்க இப்ப இன்னா ஆச்சு?"

"ஒண்ணுகூட இல்லை. அழிஞ்சு போச்சு."

"ஆமை இருக்குது" என்றார் ஸ்டெல்லா. அதற்கும் இதற்கும் நேரடித் தொடர்பு இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். ஆராதனைக்கு மணி அடித்துவிட்டது. மோசஸ் எங்களைத் தேவாலய வாசலிலேயே இறக்கிவிட்டார்.

அடுத்த சில நாட்கள் அச்சில் புது முட்டைகள் அடித்தார்கள். நான் கொட்டகைக்குப் போய் நிற்பேன், தும்முவேன், வெளியே வருவேன். ஒரு நாள் சோழவரம் ஏரிக்கரை வரை போய் வறுத்த மீன் சாப்பிட்டேன். ஒரு காலத்தில் இங்கே கார் பந்தயம் நடக்குமாம். இப்போது என்ன நடக்கும் என்று கடைக்காரரைக் கேட்டேன். "டிராபிக்தான் நடக்கும்" என்றார். மீன் நன்றாக இருந்தது, எங்கள் ஊர் மிளகாய்ச் சம்பலை நினைக்க விடவில்லை.

பரிசோதனை நாள் வந்தது. நீள மேசையில் குழல் விளக்கின் கீழ் முட்டைகளைப் பரப்பியிருந்தார்கள். வீரராகவன் இடது கையில் நான் கையெழுத்துப் போட்ட முட்டை, வலது கையில் ஒவ்வொன்றாக மற்றவை. உருட்டிப் பார்த்து, ஒடுக்கைத் தடவி, தட்டில் வைத்தார். ஸ்டெல்லா சுவரோரமாக நின்றார். துண்டை அவிழ்த்துக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தார்.

பாதிக்கு மேல் முடிந்திருந்தது. வீரராகவன் கை நின்றது. அவர் கையில் ஓர் உருண்டை முட்டை. ஒடுக்கு இல்லை. பால் மாதிரி வழவழப்பாக, எனக்குத் தெரிந்து அந்தக் கொட்டகையில் இதுவரை செய்ததிலேயே மிக நேர்த்தியான உருண்டை.

"இது என்ன?" என்றார்.

மோல்டுக்காரர் ஸ்டெல்லாவைப் பார்த்தார்.

"நான்தான் சார் பட்டி வெச்சேன்" என்றார் ஸ்டெல்லா.

"தெரிஞ்சா? தெரியாமலா?"

"தெரிஞ்சிதான்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "எல்லாமே டொக்கா இருந்தா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க? செஞ்சவளுக்கு வேலை தெரியலன்னுதானே நெனப்பாங்க. ஒண்ணு மட்டும் ஒழுங்கா இருந்தா, மத்தத வேணும்னுதான் உட்டுருக்காங்கன்னு புரியும்."

வீரராகவன் முட்டையை மேசையில் வைத்தார். பையிலிருந்து சிவப்புச் சாக்பீஸை எடுத்தார். அவர் கெட்டவர் இல்லை, விதி விதிதான் என்று வளர்ந்தவர். இத்தனை நாள் பார்த்ததும் கேட்டதும் எல்லாம் எட்ட நின்று பார்த்ததாகவே எனக்குப் பட்டிருந்தது. அந்தச் சாக்பீஸ் முட்டையைத் தொடப்போன நேரத்தில் அப்படிப் படவில்லை.

"அது நான் கேட்டது" என்றேன்.

சாக்பீஸ் அந்தரத்தில் நின்றது. "எப்போ கேட்டேள்?"

"ஞாயித்துக்கிழமை. கடற்கரையில."

"எதுக்கு?"

"ஒண்ணு ரெண்டு முழு உருண்டையாவும் விழும்."

இது பாதிப் பொய். முட்டை உருண்டையாவது நிஜம்தான், ஆனால் ஒடுக்கு நிரம்ப ஒரு நாளாவது ஆகும். எங்கள் ஆமை அந்த நிமிடத்தில்தான் இட்டுக்கொண்டிருந்தது. அறிவியல்படி அந்த முட்டை அங்கே இருக்கக் கூடாது.

வீரராகவன் ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா தரையைப் பார்த்தார். சாக்பீஸ் மறுபடி பைக்குள் போயிற்று. "அப்போ கஸ்டமர் ரிக்வயர்மென்ட்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்கோ" என்றார். எழுதிக் கொடுத்தேன். என் குறிப்புகளில் ஒருவர் கடைசி வரை படித்தது அது ஒன்றுதான்.

அன்று மாலை ரயில் நிலையம் வரை வீரராகவன் என்னோடு வந்தார். நடைமேடைக்கு வந்ததும், "கடற்கரையில நீங்க கேட்டப்போ அந்தம்மா என்ன சொன்னா?" என்றார்.

நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

"சரி, வேண்டாம்" என்றார். "ஃபினிஷிங் ஜோரா இருந்தது. அதுல சந்தேகமில்லை."

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஸ்டெல்லாவைத் தனியே பார்த்தேன். நன்றி ஒன்றும் சொல்லவில்லை. "அத்த அடியில போட்டுடுங்க மேடம். மேல வெச்சா உங்களத்தான் யாராவது கேப்பாங்க" என்றார்.

ஊர் திரும்பிய பிறகு மோசஸ் ஒரு குரல் செய்தி அனுப்பினார். ஸ்டெல்லாவுக்கு இன்னொரு வருஷம் போட்டுவிட்டார்களாம். பின்னாலே ஸ்டெல்லா யாரையோ சாப்பிடக் கூப்பிடும் சத்தம். நான் அதை இரண்டு தடவை கேட்டேன்.

பெட்டிகள் கப்பலில் வந்தன. ஆமையைக் கூடத்தின் நடுவில் இறக்கி, நிஜ மணல் கொட்டி, முட்டைகளை நானே குழிக்குள் அடுக்கினேன். உருண்டை முட்டையை அடியில் போடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே, நடுவில் வைத்தேன்.

எங்கள் இயக்குநர் மலாய்க்காரர், கடலாமை ஆராய்ச்சி செய்தவர், லேசில் எதையும் மெச்ச மாட்டார். கண்ணாடியை மூக்கில் தள்ளிக்கொண்டு குழிக்குள் குனிந்தார். "ஐயோ, இத்தனையும் வழியில் நசுங்கிவிட்டதா?" என்று தொடங்கினார். பிறகு அவர் கண் மேலே இருந்த முட்டையில் நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். அது எப்படி இங்கே என்று கேட்பார், என்ன சொல்லலாம் என்று நான் மனத்துக்குள் பதில் தேடிக்கொண்டிருந்தேன்.

"இல்லை" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல். "வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். வேலை தெரிந்தவர்."

நிமிர்ந்து, யார் செய்தது என்று கேட்டார்.

ஸ்டெல்லா என்றேன்.